இன்னும் பலமாக

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். அவருடைய முழங்கால் மட்டும் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. உன் இருமல் எந்த மட்டில் இருக்கிறது? மருந்தைப் பாதியில் நிறுத்துகிற புத்தி உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு, அதனால் கேட்கிறேன்.

நல்ல செய்தி ஒன்று. சிறையிலிருந்து நீ எனக்கு அனுப்பிய ஐந்து பியானோ உருப்படிகளையும் ஜூன் கடைசியில் இங்கே நகர மண்டபத்தில் வாசிக்கப் போகிறேன். நம் நாட்டை விட்டு இங்கே வந்து சேர்ந்தவர்களின் சங்கம் ஏற்பாடு செய்கிறது. செயலாளர் ஒரு பல் டாக்டர். பேசும்போதே நம் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற ஆள். நேற்று விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். பியானோக் கட்டைகளைச் சிறைக் கம்பி மாதிரி நிறுத்தி வைத்து நடுவில் உன் முகம். மேலே "கம்பிகளுக்குப் பின்னே ஒரு கர்ஜனை". எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவருடைய ஆர்வத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

நான்கு வருஷம் உள்ளே இருந்துகொண்டு இதை எப்படியடா எழுதினாய்? முன்பு நீ எழுதியதெல்லாம் தாலாட்டு. "இவன் வாசிச்சா பூனைகூடக் கண்ணைத் திறக்காது" என்று அம்மா கேலி செய்வாளே. இந்த ஐந்தும் இடி. மூன்றாவதை முடித்து எழுந்தால் தோள்பட்டை கழன்று கையில் வந்துவிடும்போல இருக்கிறது. அந்தப் பாவிகள் நடுவில் உட்கார்ந்து இவ்வளவு கோபப்பட உனக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது. அப்பா இருந்திருந்தால் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போயிருப்பார்.

விமானச் சீட்டைச் சங்கமே அனுப்பும். நீ முதல் வரிசையில் உட்கார வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்பு அக்கா,

உனக்கும் அத்தானுக்கும் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். என் இருமல் என்னோடு குடித்தனம் நடத்துகிறது. சலவைக்கடைக்கு மேலே அறை எடுத்தவன் நீராவியைக் குறை சொல்ல முடியாது.

இப்போது அந்தக் கடையிலேயே வேலை. அழுக்குத் துணி பிரிக்கிற மேசை என்னுடையது. ஓட்டல் மேசைவிரிப்பு, ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பு எல்லாம் மூட்டையாக வரும். கறையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். எண்ணெய் தனி, இரத்தம் தனி, வாந்தி தனி. என் மூக்கு முதல் வாரத்திலேயே வேலையை ராஜினாமா செய்துவிட்டது. முதலாளி நல்லவர். கடையில் பாட்டுப் போட மாட்டார்.

விளம்பரத்தாளைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதை எப்படியாவது நிறுத்து. அந்த ஐந்தையும் வாசிக்க வேண்டாம். மேடை ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய தாலாட்டுகளை வாசி. பூனைகள் தூங்கிவிட்டுப் போகட்டும்.

நான் வரவில்லை. குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். ஒத்தடம் பலித்தது, அத்தான் உன்னை டாக்டர் என்றே கூப்பிடுகிறார். நீ மருந்து வாங்கினாயா இல்லையா, அதற்கு முதலில் பதில் எழுது.

உன் அடக்கத்துக்கு ஒரு எல்லை வேண்டாமா? நான் ஒன்பது மாதம் உட்கார்ந்து, உன் கோழிக்கிறுக்கல் நோட்ஸை எல்லாம் சுத்தமாகப் பெயர்த்து எழுதியிருக்கிறேன். தாலாட்டு வாசிக்கவா?

பல் டாக்டரின் அட்டகாசம் எனக்கும் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மண்டப வாசலில் "சிறை அறை" ஒன்று கட்டப் போகிறாராம். வருகிறவர்கள் உள்ளே உட்கார்ந்து கம்பியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ளலாம். இடைவேளையில் தகரத் தட்டில் கேக். "அந்த ஃபீல் வரணும் மேடம்" என்கிறார். தட்டில் ஒடுக்கு விழுந்திருக்க வேண்டுமாம், சுத்தியல் வைத்துத் தானே தட்டிக்கொண்டிருக்கிறார்.

இசையில் எனக்கு மூன்று சந்தேகம். முதல் உருப்படியின் முடிவில் பெடலை எடுக்கவா, அழுத்தியே வைக்கவா? இரண்டாவது நாலே நிமிஷம்தான் வருகிறது. அதை எதற்கு மூன்று தடவை திருப்பி வாசிக்கச் சொல்லியிருக்கிறாய்? மூன்றாவதின் நடுவில் இசை இறங்கி மெல்லியதாகப் போகிறதே, அந்த இடத்தில் நீலப் பென்சிலில் "இங்கே இன்னும் பலமாக" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். உன் கையெழுத்து இல்லை. யாருடையது? உன்னோடு இருந்த கைதி எவரோ உற்சாகத்தில் எழுதியது என்கிறார் டாக்டர்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 14

அன்பு அக்கா,

நீங்கள் இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மருந்து வாங்கிவிட்டேன்.

முதலாவதில் பெடலை அழுத்தியே வை. இரண்டாவதை ஒரு தடவை வாசித்தால் போதும்.

இங்கே மழை. துணி காய்வதில்லை. கடையெல்லாம் ஈர நாற்றம்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு மேலே எழுதுகிறேன்.

கடைவீதியில் ஒரு தையல்காரர் இருக்கிறார். நம் நாட்டுக்காரர். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. கத்தரிக்கோலை இடது கையில்தான் பிடிப்பார். மூன்று வருஷமாக அவரிடம் துணி கொடுக்கிறேன். விரலுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கச்சேரிக்கு என்று ஒரு கறுப்பு அங்கி தைக்கக் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்கு அவரே வீட்டுக்கு எடுத்துவந்திருக்கிறார். நான் மூன்றாவதை வாசித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது காதில் விழவில்லை. அத்தான்தான் கதவைத் திறந்தார். திறந்ததும் என்னைக் கத்திக் கூப்பிட்டார்.

ஓடிப் போய்ப் பார்த்தால் அந்த மனுஷர் எங்கள் வாசற்படியில் மண்டிபோட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். என் அங்கி இருந்த பொட்டலத்தை மட்டும் அழுக்குப் படாமல் ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார்.

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

"டீச்சரம்மா, இந்தப் பாட்டை யாரு உங்களுக்குக் குடுத்தது?"

"என் தம்பி எழுதினது. ஜெயில்ல இருந்தப்போ."

"எந்த ஜெயில்?"

"பழைய பள்ளிக்கூடத்தை ஜெயிலா மாத்தினாங்களே, அது."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் அங்க லேப்ல இருந்தேன். பிள்ளைங்க சயின்ஸ் படிச்ச லேப். பக்கத்துலயே பெரிய ஹால். அங்கதான் பியானோ. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பியானோ ஆரம்பிச்சா எங்களுக்கு ஆரம்பம். நீங்க வாசிச்சது பதினோரு நிமிஷம் வரும். நடுவுல கொஞ்சம் இறங்கும் பாருங்க, அப்ப அவங்களும் அடிக்கிறதை நிறுத்துவாங்க. நாங்க கத்துறது தெருவுக்குக் கேட்டுடும்ல? அப்புறம் பாட்டு ஏறும். அவங்களும் ஆரம்பிப்பாங்க."

அவர் எழுந்தார். "விளிம்பு சரியா இருக்கான்னு போட்டுப் பாருங்க. இல்லேன்னா கொண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வாசற்படியை நான்தான் கழுவினேன். மூன்று வாளித் தண்ணீர் ஊற்றினேன்.

பக்கத்து அறையில் நடந்தது உனக்குத் தெரியாது, வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தாய். அப்படித்தானே? "தெரியாது" என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு. நம்பிவிடுகிறேன்.

அக்கா


மே 2

தம்பிக்கு,

சுகமா? இருபத்தாறு நாளாக எதுவும் வரவில்லை. நான் போட்டது உன் கைக்குக் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு மறுபடி எழுதுகிறேன்.

தையல்காரர் கடைக்கு இரண்டு தடவை போனேன். அவரைப் பேசவைப்பது கஷ்டம். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். அந்தச் சிறையில் நடந்ததை விசாரிக்க அங்கே ஆணையம் உட்கார்ந்திருக்கிறதாமே, அதற்கு அவரும் எழுத்து மூலம் வாக்குமூலம் அனுப்பியிருக்கிறார். அது எடுபடவில்லை. சிறைக் கண்காணிப்பாளர் அப்படி ஒரு அறையே கிடையாது என்றிருக்கிறார். சிறைக்கு எதிர்வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, நாலு வருஷத்தில் ஒரு அலறல்கூடக் கேட்டதில்லை, தினமும் பியானோ மட்டும் கேட்கும் என்று ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள். ஜூலையோடு விசாரணையை முடிக்கப் போகிறார்களாம்.

நீ எழுதாமல் இருப்பதையே பதிலாக எடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. இரண்டு வரியாவது எழுது.

அக்கா


மே 19

அக்கா,

உங்கள் நலம் கேட்கிற தகுதி இந்தக் கடிதத்துக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தெரியும். முதல் நாளே தெரியும்.

அங்கே போய் இரண்டு வாரத்தில் கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். "நீ பியானோக்காரனாமே. உட்காரு, வாசி" என்று சொல்லிவிட்டு லேப்புக்குள் போனார். கட்டையில் கை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். தாலாட்டுதான் வாசித்தேன். லேப் கதவைத் திறந்துகொண்டு துண்டில் கை துடைத்தபடி வந்தார். "என்னப்பா இது, தூங்கப் போறமா? சத்தமா வாசி." அவர் கதவைத் திறந்த நேரத்தில் உள்ளேயிருந்து வந்த சத்தம் என் காதில் விழுந்தது. நான் சத்தமாக வாசித்தேன்.

முதலில் மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறுக்கவில்லை. மறுத்தால் அந்த அறைக்குள் நான் போக வேண்டும். அதை முடிவு செய்ய ஒரு நொடிகூட ஆகவில்லை.

மனப்பாடமாகத் தெரிந்த பெரிய உருப்படிகள் மூன்று இருந்தன. அவை அவருக்கு அலுத்துப்போயின. "புதுசா ஏதாவது போடுப்பா" என்று தாளும் பென்சிலும் கொடுத்தார். ஒரு கம்பளி, தினம் ஒரு முட்டை, உனக்குக் கடிதம் எழுத அனுமதி. நீ எனக்கு எழுதிய கடிதங்களெல்லாம் அதற்குக் கிடைத்த கூலி. நீலப் பென்சில் அவருடையது. எந்த இடத்தில் சத்தம் குறைகிறது என்று குறித்துக் கொடுப்பார். வாத்தியார் மாதிரி.

பாட்டு முடிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்து இரண்டாவதை நாலு நிமிஷத்தில் முடித்தேன். மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். அதன்பிறகு நீளமாகவே எழுதினேன்.

இதுவரை எழுதியதை ஒருவேளை நீ மன்னித்துவிடுவாய். இதை மன்னிக்க முடியாது. மூன்றாவதில் அந்த இறங்கி ஏறுகிற இடம் கைகூடி வந்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷர் கத்திக்கொண்டிருக்கிறார், நான் இடது கையை ஒரு கட்டை தள்ளி வைத்தால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தள்ளி வைத்தும் பார்த்தேன். எடுப்பாகத்தான் இருந்தது.

அந்த இடத்தைத்தான் பல் டாக்டர் கர்ஜனை என்கிறார். விடுதலையான பிறகு ஒரு பாராட்டு விழாவில் மாலையும் போட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேனா? தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது என் உடம்பிலிருந்தே ஒரு வாடை அடித்தது. சலவைக்கடையில் தினம் குடலைப் புரட்டுகிற துணியெல்லாம் தொடுகிறேன். எதுவும் அந்த வாடை மாதிரி இல்லை.

அத்தானிடமும் காட்டு.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

உடம்பு இருக்கிறது. உன் உடம்பு எப்படி?

உன் கடிதம் வந்து பத்து நாளாகப் பியானோ மூடியைத் திறக்கவில்லை. ஒன்பது மாதம் பெயர்த்து எழுதிய தாள்களைக் கையால் தொடப் பிடிக்காமல் முறத்தால் அள்ளிப் பெட்டியில் போட்டார் அத்தான். உன்னை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் நானும் பொய்க்காரியாகிவிடுவேன். அதே நேரம் சாப்பிட்டாயா என்று கேட்கவும் வாய் வருகிறது. இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு நடமாடுகிறேன்.

நான் மட்டும் என்ன? "பார்வையிடப்பட்டது" என்று சிறை முத்திரை குத்தி, அரசாங்க உறையில், மாதம் தவறாமல் நோட்ஸ் வந்தது. இதை எப்படி வெளியே விடுகிறார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? தம்பி பெரிய ஆள் என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

பல் டாக்டரிடம் சொல்லி, கச்சேரி கிடையாது என்றேன். முகவாயைத் தடவிக்கொண்டே சொல்கிறார்: "மேடம், யோசிச்சுப் பார்த்தா இது இன்னும் உருக்கமான கதை. நீங்க வாசிங்க. நடுவுல அந்தத் தையல்காரரை மேடையேத்திப் பேச வைப்போம். ஹால்ல ஒரு கண்ணு காயாது." நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. "காத்து வரட்டும்னா?" என்றார். "நீங்க போகணும்னு" என்றேன்.

இப்போது என் வேண்டுகோள். எதிர்வீட்டுக்காரர்களுக்கு ஏன் பியானோ மட்டும் கேட்டது என்று அந்த ஆணையத்தில் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான். போய்ச் சொல். தையல்காரர் உன்னைப் போகச் சொல்லவில்லை. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நான் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 27

அன்பு அக்கா,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். நான் போய்ச் சொல்லிவிட்டேன்.

பழைய நூலகத்து மாடியில்தான் விசாரணை. கண்காணிப்பாளர் காதுக்குக் கருவி மாட்டியிருக்கிறார். ரொம்பத் தளர்ந்துவிட்டார். தாழ்வாரத்தில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "உடம்பெல்லாம் எப்படிப்பா? இன்னும் வாசிக்கிறியா?" என்றார். சொந்தச் சித்தப்பா கேட்கிற மாதிரி. நீட்டிய கையை நான் பிடித்துக் குலுக்கினேன், அக்கா. பழக்கம். அப்புறம் குழாயடியில் போய்க் கழுவிக்கொண்டே நின்றேன். என் பேரை இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள்.

உனக்கு எழுதியதையெல்லாம் சொன்னேன். இடது கையைத் தள்ளி வைத்ததையும் சொன்னேன். என் கண் முன்னால் ஹாலைத் தாண்டி லேப்புக்கு இழுத்துப்போன ஏழு பேரில் நான் அறிந்தவர்கள் மூன்று பேர். எந்த மாதம் போனார்கள், யார் திரும்பி வரவில்லை என்றெல்லாம் சொன்னேன். நீ திருப்பி அனுப்பிய மூலத் தாளில் இருந்த நீலப் பென்சில் எழுத்தைக் கண்காணிப்பாளரிடம் காட்டி, உங்களுடையதா என்று கேட்டார்கள். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இசையில எனக்கு ஈடுபாடு உண்டு" என்றார்.

சாட்சிக்கு வந்திருந்த எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து என்னிடம் சண்டை பிடித்தாள். "நாங்க ஜன்னலைத் திறந்து வெச்சுக் கேட்டோமேய்யா! எங்க வீட்டுல குழந்தைக்கு அதைக் கேட்டுத்தான் சோறு ஊட்டினேன்!" இதைச் சொல்லும்போதே வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கண்காணிப்பாளர் மேலும் இன்னும் நாலு பேர் மேலும் வழக்குப் போட உத்தரவாகியிருக்கிறது. பத்திரிகையில் என் பழைய படத்தைப் போட்டுச் "சித்திரவதைப் பியானோக்காரன்" என்று எழுதிவிட்டார்கள். பொய் என்று சொல்ல முடியாது. சலவைக்கடைக்கு வருகிறவர்கள் தங்கள் துணியை நான் தொடக்கூடாது என்கிறார்களாம். "கொஞ்ச நாள் பின்கட்டுலயே இருங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார் முதலாளி. தப்பாக நினைக்க என்ன இருக்கிறது?

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். பின்கட்டில் காற்று வருகிறதா? தினம் எதையாவது சூடாகச் சாப்பிடு.

நீ அனுப்பிய பத்திரிகையைத் தையல்காரருக்கு வாசித்துக் காட்டினேன். காஜா எடுத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சொல்லிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

நேற்று அவரே வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"டீச்சரம்மா, உங்க தம்பிகிட்ட ஒண்ணு கேட்டு எழுதணும். என்கூட ஒரு ரொட்டிக்கடைக்காரர் இருந்தாரு. அவர் உசுரு போன அன்னிக்குப் பியானோ பாதியில நின்னுச்சு. அந்த ஒரு நாள்தான். வாசிக்கிறவருக்கு விஷயம் தெரிஞ்சு கையை எடுத்துட்டாருன்னு நாங்க பேசிக்கிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு மனுஷன் இருக்கான்னு. அதை நெனைச்சுத்தான் நான் பல நாள் தாக்குப்பிடிச்சேன். அது நிஜமான்னு கேளுங்க."

ஆமாம் என்று எழுதடா. அப்படித்தானே நடந்திருக்கும்? அந்த ஒரு நாளாவது நீ கையை எடுத்திருப்பாய். எழுது. நான் உடனே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கிற
அக்கா


செப்டம்பர் 9

அன்பு அக்கா,

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. பின்கட்டில் காற்று உண்டு.

உன் கடிதம் வந்ததிலிருந்து பொய் யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று கிடைத்தன. மூன்றும் அழகான பொய். ஒன்றை எழுதி, உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபால்பெட்டி வரை போய்த் திரும்பினேன். தையல்காரருக்கு இனிமையாக எதையாவது வாசித்துக் காட்டுகிற ஆளாக மறுபடி நான் இருக்கக்கூடாது.

நடந்தது இதுதான். அன்று ஐந்தாவது உருப்படி பாதிதான் எழுதியிருந்தேன். எழுதிய இடம் வரை வாசித்தேன். அதற்கு மேல் தாளில் ஒன்றும் இல்லை, கை நின்றது. பக்கத்து அறையும் அமைதியாக இருந்தது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் முட்டை கொண்டுவந்த காவலர் சொல்லித்தான் தெரியும். முட்டையைத் தின்றேன்.

கை நின்றதும் கண்காணிப்பாளர் சுவரைத் தட்டினார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதுவும் தையல்காரர் காதில் விழுந்திருக்கும். உன்னிடம் அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

இந்தக் கடிதத்தை அவருக்கு அப்படியே வாசித்துக் காட்டு. எந்த வரியையும் விழுங்காதே, எந்த இடத்திலும் குரலை இறக்காதே. கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம். அது அவருடையது.

தம்பி